தெருப் பக்கம் திறக்கும் கதவு

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவர்கள் கதவிடம் ஒரு இடி வாங்காமல் உள்ளே வந்ததில்லை. மணியை அடித்துவிட்டு, கதவு உள்பக்கம் போகும் என்று நம்பி அதை ஒட்டியே நிற்பார்கள். கதவோ அவர்கள் பக்கம் வரும். கூரியர்காரர் ஒருவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இன்னாக்கா, உங்க ஊட்டுக் கதவு ரிவர்ஸ்ல வருது?" என்று கேட்டார். "ஒரு அடி தள்ளி நில்லுப்பா, எல்லாம் சரியா வரும்" என்றேன். வாசலில் விட்ட செருப்பைக்கூட இந்தக் கதவு சும்மா விடாது. திறக்கும்போதெல்லாம் வழித்துக்கொண்டு போய்ப் படிக்குக் கீழே தள்ளும். ஊரெல்லாம் வாசல் கதவு உள்ளே திறக்க, உங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. "ஆசாரி பண்ண வேலை" என்று சொல்லிச் சமாளித்துவருகிறேன். ஆசாரி பாவம், அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது.

செவிலிமேட்டில் இந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, மூன்று பேர்தான். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நானும் நாத்தனாரும் பட்டுப் புடவைக்குக் குச்சு கட்டுகிறோம். கடையிலிருந்து புடவையை வாங்கிவந்து, முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலைப் பிரித்து, முடிச்சுப் போட்டு, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. நான் ஒரு முந்தானை முடிப்பதற்குள் அவள் இரண்டாவதை எடுத்து மடியில் போட்டிருப்பாள். வாய் வேறு நிற்காது. சீரியலில் வருகிற மாமியார்களையெல்லாம் அவள் திட்டுகிற திட்டைக் கேட்டால் அந்த நடிகைகள் தொழிலையே விட்டுவிடுவார்கள்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து ஃபிட்ஸ் வருகிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது, நல்ல காலம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் விழுவாள். அது வருவதற்குச் சற்று முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகுமாம். உடனே யாரையாவது கூப்பிட வாசலுக்கு ஓடுவாள். ஓடுகிற ஓட்டத்தில் கதவுக்குப் பின்னால் விழுவாள். படுத்துக்கொள்ளடி, ஓடாதே என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த நேரத்தில் அவளுக்கு அது ஏறாது.

அந்த வாடகை வீட்டில் ஒருநாள் அப்படித்தான் ஆயிற்று. நாங்கள் இருவரும் வெளியே போய்விட்டுத் திரும்பினால் கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை, அதை அவள் எடுத்துவிட்டிருந்தாள். தள்ளினால் கொஞ்சம் போகிறது, அப்புறம் எதிலோ முட்டி நிற்கிறது. இவர் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அப்போதுதான் முட்டி நிற்பது அவள் தலை என்று புரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு பலகை, அதைத் தள்ளவும் முடியாது, விடவும் முடியாது. கடைசியில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் தோட்டத்துச் சுவர் ஏறிக் குதித்துப் பின்வழியாகப் போய் அவளை நகர்த்தினார்கள். புருவத்தின்மேல் கிழிந்து ரத்தம். கீழே விழுந்ததால் வந்த காயமில்லை, கதவு இடித்ததால் வந்தது. இவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டுவிட்டார். அவள் வீட்டில் இருக்கும்போது கதவைச் சாத்தவே கூடாது, அவளைத் தனியாக விடவும் கூடாது. நான் கடைக்குப் புடவை கொடுக்கப் போனால் பக்கத்துப் போர்ஷன் அம்மா வந்து உட்காருவார். கதவு காலையிலிருந்து ஆவென்று திறந்தே கிடக்கும். தெருவில் போகிற ஒவ்வொருவரும் தலையை நீட்டி, "இன்னாம்மா, இன்னிக்கு நல்லாகிறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கேட்பார்கள், தலை வாரிக்கொண்டிருந்தாலும் கேட்பார்கள். நல்ல மனசில்தான் கேட்டார்கள், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வாய் ஓயாத அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சீரியல் மாமியார்கள்கூடத் தப்பித்துக்கொண்டார்கள்.

செவிலிமேட்டு மனையில் அஸ்திவாரம் போட்ட சமயம், குச்சு கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, புது ஊட்ல வாசக் கதவு வெளிய தொறக்குற மாதிரி வெக்கலாமா?"

"எதுக்கும்மா?"

"நான் பின்னாடி உழுந்து கெடந்தாலும் வெளியிலேருந்து இழுத்தா தொறந்துக்கும் இல்ல? அப்போ என்னை உட்டுட்டு கதவ சாத்திக்கினு போலாம். எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம் அண்ணி. கதவ சாத்திட்டு, யாரும் எட்டிப் பாக்காம, கொஞ்ச நேரம் நான் பாட்டுக்கு உக்காரணும். அவ்ளோதான்."

நாற்பது வயதுப் பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

அன்று சாயங்காலமே இவரிடம் சொன்னேன். ஐயே, அவர் குதித்த குதி! "அவ தனியா இருந்தாத்தான அந்தக் கதவு வேணும்? நான்தான் தனியா உட மாட்டேன்னு சொல்றேனே. அப்புறம் எதுக்கு ஊருல இல்லாத கதவு?" நான் விடவில்லை. அவர் அடுக்கிக்கொண்டே போனார். கதவை வெளியே திறக்கவைத்தால் கீல் தெருப் பக்கம் தெரியும், திருடன் நிதானமாகக் கழற்றுவான். கிரில் கேட்டு வைக்க இடம் இருக்காது. வருகிறவர்களைப் பார்த்துப் பின்னால் போ என்று சொல்கிற மாதிரி இருக்கும். இதெல்லாம் போதாதென்று திருப்புட்குழியிலிருந்து அவருடைய பெரியம்மாவை வரவழைத்தார். மாமியார் காலமான பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் வார்த்தைதான் முடிவு.

பெரியம்மா காபியைக்கூட ஆற்றாமல் ஆரம்பித்தார். "ஏம்மா, ஊட்டுக்கு வர்ற லட்சுமிய வாசல்ல நிக்க வெச்சு கதவால மூஞ்சில அடிப்பியா? எந்த ஊட்லனா வெளிய தொறக்குற கதவ பாத்துக்கிறியா?"

"பாத்திருக்கேன் அத்தே, சினிமா தியேட்டர்ல."

"நல்லா பேசுது பாரு."

எனக்கு மூக்குக்குமேல் கோபம். லட்சுமிக்கு ஒரு அடி தள்ளி நிற்கத் தெரியாதா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். நாத்தனார் அடுப்படியில் ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் கத்துகிறேன், இவள் இப்படி ஊமையாக இருக்கிறாளே என்று அவள்மேலும் கோபம் வந்தது. கடைசியில் கதவு உள்ளேதான் திறக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆசாரியிடமும் அப்படியே சொல்லிவிட்டார்கள்.

வாசல் நிலை செய்கிற இடத்துக்கு அவளும் நானும் ஒருமுறை போயிருந்தோம். நான் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள் மட்டும் ஆசாரியிடம் நின்று என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். நிலைச்சட்டத்தின் ஒரு முகத்தில் உள்ஓரமாகப் படி மாதிரி ஒரு வெட்டு வெட்டியிருப்பார்கள். கதவு வந்து உட்காருகிற இடம் அது. வெட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கதவு திறக்கும். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நிலை வைக்கிற நாள் வந்தது. நல்ல முகூர்த்தம் என்பதால் ஆசாரிக்கு அன்றைக்கு வேறு வீடுகளிலும் நிலை. எங்கள் நிலையை விடியற்காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "மேஸ்திரி பாத்துக்குவாரு, நான் பின்னாடியே வந்துர்றேன்" என்று போனில் சொன்னார். மேஸ்திரியும் ஆட்களும் தயாராக இருந்தார்கள். நிலையைத் தரையில் இரண்டு செங்கல்மேல் படுக்கவைத்திருந்தார்கள். எழுப்புவதற்கு முன்னால் வீட்டுப் பெண் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவள்தான் வைப்பது வழக்கம்.

பெரியம்மா இழுத்தார். "அவளுக்கு ஒடம்பு ஒரு மாதிரி... கல்யாணமும் ஆவல... வேற யாருனா சுமங்கலியா பாத்து..."

அவ்வளவுதான், எனக்கு வந்ததே ஆத்திரம். மேஸ்திரி, ஆட்கள், அக்கம்பக்கம் என்று எதையும் பார்க்கவில்லை. "இந்த ஊட்டுப் பொண்ணு அவதான். அவ கையால மஞ்ச பூசலன்னா நிலையும் வேணாம், ஊடும் வேணாம், வாடகை ஊட்டுக்கே போறோம்!" என்று கத்திவிட்டேன். இவர் பெரியம்மாவின் காதில் ஏதோ சொன்னார். மஞ்சள் கிண்ணத்தை நானே வாங்கி நாத்தனார் கையில் வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றிப் பார்வை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இந்தப் பக்கம் சரியா காயல போலருக்குது, ஈரமாகிது. கொஞ்சம் பொரட்டிப் போடுங்கண்ணா" என்று ஆட்களிடம் சொன்னாள். புரட்டிப் போட்டார்கள். மஞ்சளை அழுத்தி அழுத்திப் பூசினாள், வரிசையாகக் குங்குமம் வைத்தாள். பெரியம்மா நேரம் ஆகிறது, ராகு காலம் வருகிறது என்று பறந்தார். நவதானியமும் காசும் குழியில் போட்டாயிற்று. மேஸ்திரிக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: மஞ்சள் பூசிய முகம் தெருவைப் பார்க்கும். எல்லோருமாகப் பிடித்து நிலையை எழுப்பினார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மாவிலை கட்டி, கும்பிட்டு விழுந்து எழுந்தோம். ஆசாரி மத்தியானம் வந்து பொங்கலைச் சாப்பிட்டார், மாலையும் மாவிலையும் தொங்குகிற நிலையைத் தெருவிலிருந்தே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், போய்விட்டார்.

சுவர் எழும்பியது, கூரை போட்டார்கள், பூச்சு முடிந்தது. வாசலுக்குத் தகரத்தை வைத்து மறைத்திருந்தோம். இவர் தினமும் அந்த நிலைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தவர்தான், ஒருநாளும் அந்த வெட்டைக் கண் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆசாரி கதவைக் கொண்டுவந்து மாட்டப்போன அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடியும் உள்ளே போனார். "அண்ணே, நிலைய மாத்தி வெச்சுட்டீங்களே! வெட்டு தெருப் பக்கம் இருக்குது. கதவு வெளியதான் தொறக்கும்" என்றார்.

இவர் உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டார். "மஞ்ச பூசின பக்கத்த வெளிய வெச்சேன் சார், என் மேல இன்னா தப்பு?" என்று அவர் கையை விரித்தார். சரி, நிலையைப் பெயர்த்துத் திருப்பி வைத்துவிடலாம் என்று இவர் கடப்பாரையைத் தேடும்போது பெரியம்மா வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கடப்பாரைய கீழ போடுடா! பூச பண்ணி, தானியம் போட்டு நட்ட நிலைய எவனாச்சும் புடுங்குவானா? ஊடு தாங்குமா?"

"நீதான பெரிம்மா, கதவு வெளிய தொறக்கக்கூடாதுன்னு சொன்ன?"

"அதுவும் கூடாதுதான். இது அத்தவிட கூடாது!"

லட்சுமி கதை ஒரு நிமிஷத்தில் அடிபட்டுப் போயிற்று. நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அங்கே நாத்தனார் குழாயடியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறி தட்டியது.

"ஏய், ஈரம்னு சொல்லிப் பொரட்டிப் போடச் சொன்னியே... நீயா?"

"கத்தாதீங்க அண்ணி."

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"வெட்டு எந்தப் பக்கம்னு ஆசாரிகிட்ட கேட்டு வெச்சிருந்தேன். என்னை மஞ்ச பூச உடுவாங்களான்னுதான் பயமா இருந்துது. நீங்க சண்ட போட்டு கிண்ணத்த குடுத்துட்டீங்க." பிறகு, ரொம்ப நாள் கழித்து, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தேன். இவருக்கு இன்றுவரை இது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கதவை வெளியே திறக்கிற மாதிரியே மாட்டினார்கள். மேல்படியை மேஸ்திரி அகலப்படுத்திக் கொடுத்தார், இல்லையென்றால் கதவைத் திறக்கிறவர் படியிலிருந்து விழ வேண்டியதுதான். கீலைச் சுலபமாகக் கழற்ற முடியாதபடி ஆசாரி ஏதோ ஆணி அடித்தார். கிரில் கேட்டு காம்பவுண்டுக்குப் போயிற்று. எல்லாம் நடந்தது, ஆனால் சாத்துவதற்கு மட்டும் இவர் ஒத்துக்கொள்ளவில்லை. புது வீட்டிலும் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன, சாத்தினால்தானே அது கதவு?

கிரகப்பிரவேசத்துக்கு வந்த கூட்டமெல்லாம் போன பிறகு அவளே அண்ணனிடம் நேராகக் கேட்டாள். தாழ்ப்பாள் போடமாட்டேன், சாத்தினால் தானாக விழுகிற பூட்டு மட்டும் போதும், ஒரு சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கட்டும், அண்ணி அடிக்கடி போன் பண்ணட்டும், நான் எடுக்கவில்லையென்றால் அந்த அம்மா வந்து பார்க்கட்டும். எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், நல்ல மனுஷி, சரி என்றார். இவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் நான் கடைக்குப் போய்விட்டுப் பாதிப் பேச்சில் புடவையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். இழுத்துத் திறந்தால் அவள் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். "வேவு பாக்க வந்தீங்களா அண்ணி?" என்றாள். அதற்குப்பின் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. டி.வி. சத்தம் தெருமுனைவரை கேட்கும். மாமியார்களுக்குத் திட்டு மறுபடியும் விழ ஆரம்பித்தது.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நான் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மறுபடியும் பண்ணினேன். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் சாவி போட்டு இழுத்ததும் கதவு திறந்தது. திறந்ததும் வாசற்படியில் அவள் கை வந்து விழுந்தது. வழக்கம்போல வாசலுக்கு ஓடிவந்து கதவின்மேல் சாய்ந்தபடி கிடந்திருக்கிறாள். அந்த அம்மா நாங்கள் சொல்லிவைத்திருந்தபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியைச் சுருட்டிவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஆட்டோவைப் பிடித்து வந்து சேர்ந்தபோது அவள் விழித்திருந்தாள். நாக்கை மட்டும் லேசாகக் கடித்திருந்தாள். வேறு ஒரு கீறலும் இல்லை.

இவர் வந்தார். அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, "போதும். இத்தோட முடிஞ்சுது. நாளையிலேருந்து கதவு தொறந்துதான் இருக்கும். நீயும் வேலைய ஊட்லயே வெச்சுக்க" என்று என்னிடம் சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அந்த முதுகைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை அவர் ஆட்டோவை எடுக்கவில்லை. கதவை அகலத் திறந்து சுவரோடு சாய்த்துவிட்டு, மேல்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் குளித்துவிட்டு வந்தாள். புடவைப் பையை என் தோளில் மாட்டினாள், ஆட்டோ சாவியை அவர் மடியில் போட்டாள்.

"உழுந்தேன். வந்து தூக்கிட்டாங்க. அதுக்குத்தானண்ணா இந்தக் கதவு?"

"எனுக்கு பயமா இருக்குது பாப்பா."

"எனக்கும்தான் பயமா இருக்குது. பயந்துக்கினே உள்ள இருக்கேன், போ. நீ வெளிய இருந்து பயந்துக்க."

அவர் எழுந்து நின்றார். அவள் வாசற்படிக்கு உள்ளே நின்று கதவுக்காகக் கையை நீட்டினாள். சுவரோடு சாய்ந்திருந்த கதவு அவளுக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எக்கினாள், அப்போதும் எட்டவில்லை. நான் போய்ப் பிடிக்கலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். என்னவோ, வைத்த காலை எடுத்துக்கொண்டேன். அவர் கதவைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிறகு கதவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவள் பக்கம் தள்ளினார். அவள் முகம் பாதியாகி, ஒரு கண்ணாகி, மறைந்தது. பூட்டு விழுந்தது.

நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். உள்ளே பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, நாங்கள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு, அவள் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, "அப்பாடா" என்றாள்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நம்மளத்தான் சொல்றா" என்றார்.